உறைநிலைச் சேமிப்பு

கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பிரெட்டை வீட்டிலேயே செய்து பணம் மிச்சம் பிடிப்பது குடும்பப் பொருளாதாரத்தின் உச்சம். இதற்கான முதலீடு அற்பம்: ஓர் ஓவன், ஒரு டிஜிட்டல் தராசு, நான்கு அச்சுகள், மாவு பிசைய ஓர் இயந்திரம். மைதாவும் ஈஸ்ட்டும் தனி.

ஒற்றைப் பிரெட்டுக்கு ஓவனைச் சூடாக்குவது ஊதாரித்தனம்; சுட்டால் நான்காகச் சுட வேண்டும். 2,000 வாட் ஓவன் ஒரு மணி நேரம் முழு வீச்சில் எரிந்தால் 2 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் இது செலவுக் கணக்கில் வராது. அந்த நூறை ஏசி எப்போதோ விழுங்கிவிட்டது என்பது வேறு கணக்கு.

சுட்டதை அன்றே தின்றால் சேமிப்பு ஏது? ஆறவைத்து, துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் அடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு ஆகாது. அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி, வெளியில் வைத்ததைவிடச் சீக்கிரம் பிரெட் விறைத்துப்போகும். ஃப்ரீசரிலோ மாதக்கணக்கில் காத்திருக்கும். அவசரப்படுத்த ஆளும் இல்லை.

பன், கேக், மஃபின் எனச் சேமிப்பு பெருகப் பெருக, முதலில் ஐஸ் தட்டு வெளியேறும், அடுத்து பட்டாணி. பிறகு தவணையில் ஒரு தனி ஃப்ரீசர்.

காலையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது கல்லாய்க் கிடக்கும் பிரெட் இளக நேரமிராது. தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். அதில் மிஞ்சும் துண்டுகளும் வீணாவதில்லை. தேதி எழுதி ஃப்ரீசரில் வைக்கப்படும்.