நாலு மணிக்கு வண்டி

போன ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குத் திண்டிவனத்தில் குளித்து, பேன்ட் சட்டை மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். தெருநாய் ஒன்று வந்து பார்த்துவிட்டு, குரைக்கவும் மனசில்லாமல் போய்விட்டது.

திட்டம் மச்சானுடையது. விழுப்புரத்திலிருந்து வேன். எங்களை ஏற்றிக்கொண்டு மரக்காணம், புதுச்சேரி, சிதம்பரம், பூம்புகார், கடைசியாகத் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டையில் நின்று, கடலில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. கிழக்குக் கடற்கரையில் அது எப்படியப்பா கடலில் மறையும் என்றேன். "மாமா, நீங்க எப்பவுமே நெகடிவ்."

திட்டத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: இந்த நாலு மணி. நாலு மணிக்குக் கிளம்புவது என்றால் நாலு மணிக்கு அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். நாலரைக்கு, "அவங்க எழுந்தாங்களானு கேளு." ஐந்துக்குப் பால் வரவில்லை. ஐந்தரைக்கு, வந்த பாலை என்ன செய்வது? காய்ச்சி, காபி போட்டு, டம்ளர் கழுவி, ஆறரைக்குப் பூட்டினால் கேஸை மூடினோமா என்று சந்தேகம். திறந்து பார்த்தால் கேஸ் மூடியிருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. ஏழுக்குச் சின்னவனுக்கு பாத்ரூம். அவன் வந்ததும் பெரியவனுக்கு. ஏழரைக்கு, "எப்படியும் லேட்டு, ரெண்டு இட்லி சாப்பிட்டே போயிடலாமே." ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயந்திரம்தான், அதன்மேல் பழிபோடவும் வழியில்லை.

இதே ஊர்ப்பக்கம் ஒரு காலத்தில் பயணம் போகத் தெரிந்திருக்கிறது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலை ஆண்ட நல்லியக்கோடனிடம் போக, சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் வழி சொல்கிறார். எயிற்பட்டினத்தில், அதாவது நம் மரக்காணம் என்பார்கள், சுட்ட குழல்மீன். ஆமூரில் சோறும் நண்டும். எங்கே தங்கினால் என்ன கிடைக்கும், யார் போடுவார்கள், எல்லாம் 269 அடிக்குள் முடிந்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புளியோதரையா தயிர்சாதமா என்பதற்கே அதைவிட அதிகம் ஓடியது. கடைசியில் இரண்டும் செய்து, ஊறுகாயை மறந்தார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு வேன் வந்தது. வழியில் அரைமணி நேரம், ஊறுகாய் வாங்க. மச்சான் கொட்டாவியோடு இறங்கி, என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, இன்னும் கிளம்பலையா? அக்கா, ஒரு காபி போடேன்."