ரெண்டு டெராவுக்கு ஒரு வரப்பு

மருமவனே, சேத்தியாத்தோப்புக்குப் போயி ஹார்டு டிஸ்க்கு ஒன்னு வாங்கியாந்து, உள்ளங்கை அகலத்துக் கறுப்பு டப்பாவ ஊரு பூரா காட்டிக்கிட்டு வர்றியாமே. ரெண்டு டெராவாம். நல்லா இரு. ஆப்பிள் லேப்டாப்போட பேக்கப்பும் அதுலதான், கல்யாண வீடியோவும் அதுலதான், பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் ஸ்கேன் பண்ணதும் அதுலதான், மிச்ச எடத்துல சினிமா. எனக்குக் கம்ப்யூட்டரு தெரியாது, அஞ்சாம் வகுப்போட மாடு ஓட்டிக்கிட்டுப் போனவன். ஆனா எடத்தகராறு தெரியும். வளையமாதேவிக்காரனுக்கு அது தெரியாம இருக்குமா?

எடத்த இன்னொருத்தன் பேர்ல எழுதியாச்சி, சும்மாதான கெடக்குன்னு நாத்து நட்டா என்ன ஆவும்? 2023 ஜூலை 26ல நம்ம ஊரே பாத்துச்சே. பரவனாத்துக்கு மாத்துக் கால்வாய் வெட்டணும்னு நெய்வேலி நெலக்கரிக் கம்பெனி என்.எல்.சி. பொக்லைன எறக்குச்சி, கதிரு விடுற நெல்லு மேலயே வண்டி ஏறுச்சி. எப்பவோ கையகப்படுத்துன எடம்னு அவங்க, பயிரு எங்களுதுன்னு நட்டவங்க. கடைசில ஐகோர்ட்டு ஏக்கருக்கு 40,000 ரூபா பயிருக்குக் குடுன்னு சொல்லுச்சி. ஒன் டிஸ்க்குல போறதுக்கு அந்த நாப்பதாயிரமும் வராது மருமவனே.

2007லேர்ந்து ஆப்பிள்காரன் பேக்கப்பு எடுக்கத் தர்ற டைம் மிஷினோட வயித்த நீ இன்னும் பாக்கல. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகலு, ஒரு மாசத்துக்கு நாளுக்கொன்னு, அதுக்கும் முந்தினதுக்கு வாரத்துக்கொன்னு. எடம் இருக்கிற மட்டும் சேத்துக்கிட்டே போவும். நெறஞ்சாத்தான் தன்னோட பழச எடுத்துக் கடாசும். ஒன் சினிமாவ அது தின்னாது, அந்த மட்டுக்கும் ஞாயஸ்தன். ஆனா நாளைக்கு நீ கொழந்த வீடியோவ வைக்கப் போனா எடமில்லன்னு கைய விரிக்கும். நீ முந்திக்கிட்டு சினிமாவா ரொப்பிட்டன்னு வையி, பழைய பேக்கப்பு நிக்காது. போன வருசம் தெரியாம அழிச்ச கணக்க இந்த வருசம் தேடி அழுவ.

அதனால மொதல்லயே வரப்பப் போடு. டிஸ்க் யுட்டிலிட்டின்னு ஒன்னு அந்த லேப்டாப்புலயே இருக்கு. (மாடு மேச்சவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத, பேத்தி காட்டுனா.) ஏபிஎஃப்எஸ் முறையில ஒரே டிஸ்க்குல ரெண்டு வால்யூம் போட்டுக்கலாம். பேக்கப்பு வால்யூமுக்கு கோட்டான்னு ஒரு உச்சவரம்பு கட்டிடு. நில உச்சவரம்பு மாதிரிதான், ஆனா இது நெசமாவே அமலுக்கு வரும். லேப்டாப்பு கொள்ற மாதிரி ரெண்டு மடங்கு பேக்கப்புக்கு வுடுன்னு ஆப்பிள்காரனே சொல்றான். ஒன்னோடது 512 ஜிபி, அப்ப அதுக்கு ஒரு டெரா, மிச்சம் ஒனக்கு. எதிர்வூட்டுப் பையனோட விண்டோஸுல சொருவி சினிமா காட்டணும்னா ஏபிஎஃப்எஸ் அதுக்குப் புரியாது. ஒன் பங்க எக்ஸ்ஃபேட்டுன்னு தனிப் பார்ட்டிஷனாவே பிரிச்சிக்க.

எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திட்டு, காலி டிஸ்க்குல இதச் செய்யி. இல்லன்னா நடுவுல அழிச்சிடட்டுமான்னு ஒரு கேள்வி வரும். வந்த நோட்டீசப் படிக்காம கைநாட்டு வச்சோம்னு எங்க காலத்து ஆளுங்கள எம்மாங் கேலி பண்ணுவ! நீயும் படிக்காமத்தான் ஓகே அமுக்குவ. எங்களுது கட்டவெரலு, ஒன்னோடது ஆள்காட்டி வெரலு.

சரி, வரப்பு போட்டாச்சின்னு மீசையத் தடவாத. பேக்கப்புன்னா ஒரே பொருளு ரெண்டு எடத்துல இருக்கணும். மூலப்பத்திரத்த லேப்டாப்புலேர்ந்து அழிச்சிட்டு டிஸ்க்குல மட்டும் வச்சிருக்கியே, அதுக்கு நகலு எங்க? டைம் மிஷின் லேப்டாப்பத்தான் காவல் காக்கும். தனக்குப் பக்கத்துல நீ கொண்டாந்து வச்சத அது ஏன்னு கேக்காது. டப்பா கீழ வுழுந்தா வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஒன்னாத்தான் போவும். 1956ல ஐபிஎம்காரன் செஞ்ச மொத ஹார்டு டிஸ்க்குல அம்பது தட்டு, எடை ஒரு டன்னுக்கு மேல, கொள்றது 5 எம்பிக்கும் கம்மி. ஒன் கல்யாணப் போட்டோ ஒன்னுக்குக் காணுமோ காணாதோ. அந்த மிஷின யாரும் தவறிக் கீழ போட்டுட முடியாது. ஒன்னோடத எங்க வூட்டுப் பூனையே தள்ளிடும்.

அமெரிக்கப் போட்டோக்காரரு பீட்டர் க்ரோக்னு ஒருத்தரு பேக்கப்புக்கு ஒரு கணக்கு சொல்லியிருக்காரு: மூணு நகலு, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒன்னு வேற எடத்துல. வேற எடம்னா சீமைக்குப் போவ வேணாம், ஒன் மாமியா வூடு போதும். இன்னொரு டிஸ்க்கு வாங்கக் காசில்லன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. கல்யாணத்துல ட்ரோன் வுட்டு மாட்டுக் கொட்டாவப் படம் புடிச்சவன் நீ. வாங்கி, பத்திரத்த மட்டும் அதுல போட்டு எங்கிட்ட குடு, டிரங்குப் பொட்டியில வச்சிப் பூட்டிடறேன். வேற ஒன்னையும் அதுல கலக்காத. எடம் மீந்தா எம்.ஜி.ஆர். படம் ரெண்டு மூணு போட்டுக் குடு, அது ஒன்னும் பண்ணாது.