எயிற்பட்டினத்துச் சாப்பாட்டு உலா: போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் சாப்பாட்டு உலா ஒன்று நடக்கிறது. குடை பிடித்த ஒருவர் முன்னே நடப்பார், பின்னால் பத்துப் பேர் போவார்கள். பிரியாணிக் கடை வாசலில் வரலாறு சொல்வார், இடியாப்பக் கடை வாசலில் மானுடவியல். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களிலும் இது உண்டு. அதற்குப் பணம் கட்டும் முன் கொஞ்சம் வடக்கே, மரக்காணத்துக்கு வாருங்கள். இங்கே வழி, தங்குமிடம், சாப்பாட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை என்று பெயர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

முதலில் தகுதி. முன்பதிவு தேவையில்லை, பசி தேவை. காலையில் நெய்ப்பொங்கலும் வடையும் முடித்துவிட்டு வருகிறவர்களை நத்தத்தனார் சேர்த்துக்கொள்ள மாட்டார். அவருடைய பயணியின் வீட்டில் குட்டி போட்ட நாய், பால் இல்லாத மடியைக் குட்டிகள் இழுப்பது பொறுக்காமல், அடுப்படியில் கிடந்து குரைக்கிறது. சுவரைக் கரையான் அரித்த இடத்தில் காளான் முளைத்திருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் கிடைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். நீங்களும் கிளம்பும் முன் ஒரு நாளாவது அப்படிச் சாப்பிட்டுப் பாருங்கள். கதவைச் சாத்த வேண்டும் என்பதால் அந்தக் கீரையைப் படம் எடுத்துப் போட முடியாது. பலர் இந்தக் கட்டத்திலேயே கழன்றுகொள்வார்கள்.

அடுத்து உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தே வெள்ளைக் குவியல்கள் தெரியும். காரை நிறுத்திவிட்டு அதன்மேல் ஏறாதீர்கள். யாரோ வெயிலில் நின்று வாரிக் குவித்தது அது. 'இங்கே என்ன ஸ்பெஷல்?' என்று கேட்காதீர்கள், 'உப்பு' என்று பதில் வரும். அவர்கள் தூக்கில் கொண்டுவந்த சோற்றை உலாவில் சேர்க்க முடியுமா என்றும் விசாரிக்காதீர்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் தை வரை பிழைப்பு முடங்கிவிடும். அந்த மாதங்களில் வந்தால் பக்கத்துக் கழுவெளியில் பறவைகளைப் பார்க்கலாம். 2021இல் அதைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பறவைகளுக்கு அது நல்ல சாப்பாட்டுக் காலம்.

இனி பந்தி. முதல் நிறுத்தம் கடலோரத்து மீனவரான நுளையர் வீடுகள். நுளைமகள் அரித்த பழைய தேறலும், உலர்ந்த குழல்மீனைச் சுட்டதும் வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்கிறார் புலவர். அதாவது நம் இலக்கியத்தில் புகழ்பெற்ற விருந்து ஒன்று சுட்ட கருவாட்டில் தொடங்குகிறது. அடுப்புக்கு விறகு என்ன தெரியுமா? அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கும் மரம். படுத்துத் தூங்கும் ஒட்டகம்போல் கரையில் கிடந்ததாம். இடைக்கழிநாட்டுப் புலவருக்கு ஒட்டகம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள், கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸில் வரும் சோபட்மா துறைமுகமும் இந்த ஊர்தான் என்று சிலர் சொல்வதைக் கவனிக்கலாம். பல தேசத்துத் தெருக்கள் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதும்.

தேறலைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கே 1987 முதல் தடை. 2023 மே மாதம் இங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பலர் செத்தார்கள். இதில் வேடிக்கை செய்ய ஒன்றுமில்லை. பதநீர் கிடைத்தால் குடியுங்கள்.

இரண்டாவது வேலூர். கோட்டை இருக்கும் வேலூரைத் தேடிப் போய்விடாதீர்கள், இது உப்புவேலூர் என்பார்கள். இங்கே வேட்டுவரான எயினர் வீட்டுப் பெண்கள் இனிய புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் தருவார்கள். ஆமான் என்றால் காட்டுப்பசு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்தப் பதார்த்தத்தை வனத்துறை அலுவலகத்தில் விளக்கம் சொன்னபடிதான் சாப்பிட முடியும். புளிச்சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆமூர். உழவர் வீட்டம்மா பிள்ளைகளை அனுப்பி உங்களை வழிமறித்து, உலக்கையின் இரும்புப் பூண் தேயக் குற்றிய அரிசியில் வெண்சோறும் நண்டுக் கலவையும் போடுவாள். எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள், நண்டு ஆறிவிடும்.

கடைசியாக, பாட்டின் தலைவனான நல்லியக்கோடனின் அரண்மனை. அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. பீமன் எழுதிய சமையல் நூலில் இம்மியும் பிசகாமல் சமைத்ததைப் பொற்கலத்தில் வைத்து, மன்னனே பக்கத்தில் நின்று ஊட்டுவான். பரிசிலையும் அன்றைக்கே கொடுத்து அனுப்புவான், தேரும் அதில் அடக்கம். இன்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தேர் கிடைக்காது. ஓட்டலில் பக்கத்தில் நின்று கவனிக்கிறவர் நீங்கள் எழுந்தால் மேஜையைத் துடைக்கக் காத்திருப்பவர்.

வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பது? பாட்டில் வழி சொல்கிற பாணன் ஒரு காசும் கேட்கவில்லை. அவன் அந்த அரண்மனையில் தின்று, பரிசில் வாங்கித் திரும்புகிற வழியில், எதிரே பசியோடு வந்தவனைப் பார்த்துச் சொன்னான். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அநேகமாக இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுங்கள், நண்டிலும் ஒரு பங்கு வையுங்கள்.