கடலுக்கு டெண்டர்

அலையைக் கணினிக்குள் வரவழைத்துவிடலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் எழுதிய 'ஸ்வான்' நிரல் இலவசம். கடலடி ஆழம், காற்று போன்ற விவரங்களைக் கொடுத்தால் போதும். அலை கரைக்கு எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் வரும் என்று சொல்லிவிடும். அது சுவரில் மோதித் திரும்பும்போது சுவரின் காலடி மணலை எப்படி வாரிக்கொண்டு போகும் என்று சொல்ல வேறு நிரல்கள் உண்டு.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, கரை அரிக்கும்போது நாம் கேட்பது ஒன்றைத்தான்: "சார், எத்தனை டன் கல்?"

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். மறித்தால் தெற்கே குவியும், வடக்கே அரிக்கும். இதற்குக் கணினியே வேண்டாம். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதையும் ராயபுரம் கரைந்ததையும் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? புதுச்சேரித் திட்டத்திலேயே மருந்தும் எழுதியிருந்தது: தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே கொட்ட வேண்டும். அந்த வேலை நடந்த நாளைவிடத் தூங்கிய நாள்தான் அதிகம்.

மணல் போயிற்று. கல் வந்தது. அந்தக் கல் சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கியது. அதற்கும் கல். அதன் முனையில் மறுபடி அரிப்பு. இப்படியே நகர்ந்து எல்லை தாண்டி, தமிழ்நாட்டுத் தந்திராயன்குப்பத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு அரசுகளுக்கிடையே இவ்வளவு சுமுகமாகக் கைமாறிய பொருள் வேறு உண்டா?

வீடு இடிந்தால் மறியல். மறியல் நடந்தால் அமைச்சர். அமைச்சர் வந்தால் 'தூண்டில் வளைவு அமைக்கப்படும்', அதாவது கடலுக்குள் நீளும் இன்னொரு கல் சுவர். மீனவர்களே கேட்டார்கள் என்று கோப்பில் எழுதிக்கொள்வார்கள். வாசற்படி கடலுக்குள் போகும்போது எதை நீட்டினாலும் வாங்கத்தான் செய்வார்கள். அதற்குப் பெயர் மக்கள் கோரிக்கையாம்!

கல்லின் கணக்கு இன்னும் ருசியானது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால், அதைத் தாங்கும் கல்லுக்கு எட்டு மடங்கு எடை வேண்டும் என்கிறது பொறியியல். சரி, கடலுக்குள் போன கல்லை எடைபோடுவது யார்? மீனுக்குத் தணிக்கை அதிகாரம் கிடையாது. கல் புதைந்தால் இயற்கைச் சீற்றம். அடுத்த ஆண்டு புது டெண்டர். கடலைப் போல நம்பகமான வாடிக்கையாளர் ஒப்பந்ததாரருக்கு எங்கே கிடைப்பார்?

கணக்கை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே ஊர்தான் சாட்சி. 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை நீருக்கடியில் இறக்கியது. முப்பது ஆண்டாகக் காணாமல் போயிருந்த மணல் நகரக் கரையின் ஒரு பகுதிக்குத் திரும்பி வந்தது. உடனே எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கல் லாரிகள் மட்டும் மற்ற ஊர்களுக்கு வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் லாரி வரும். வரவேற்கப் போகுமுன் அதிகாரியிடம் அலை ஆய்வறிக்கையைக் கேளுங்கள். சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே கரை எத்தனை மீட்டர் உள்வாங்கும் என்று அதில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் காட்டாதவரை லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.