வெயிலில் பார்க்கும் பெரியம்மா

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வரும் பெரியம்மாவுக்குக் கடை விளக்குகள்மீது நம்பிக்கை கிடையாது. "உள்ள எல்லாமே நல்லாத்தாண்டா தெரியும். வெளிச்சத்துல காட்டச் சொல்லு" என்பார். சில்க் மார்க், புவிசார் குறியீடு எதுவும் அவருக்கு வேண்டாம். சூரியன் சரி என்று சொன்னால் போதும். உள்ளூர்க்காரன் என்ற ஒரே குற்றத்துக்காகக் கூடப் போயிருக்கும் நான் கடைப்பையனைப் பார்ப்பேன். அவன் பெருமூச்சோடு எழுந்திருப்பான். காந்தி ரோட்டுக்கு ஊர்வலம் கிளம்பும். முன்னால் புடவையோடு பையன், அடுத்து பெரியம்மா, கடைசியில் இரண்டு கட்டைப்பையோடு நான். வரதருக்கு அடுத்தபடி இந்த ஊரில் அதிகம் வீதியுலா வருவது பெரியம்மா பார்க்கும் புடவைதான்.

வெயிலுக்கு வந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? பையன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். அரும்பு மீசை, அதற்குக் கீழே வாடாமல்லிப் பட்டு. "கொஞ்சம் கிழக்கப் பாத்து நில்லுப்பா." நிற்பான். "மேகம் வந்துடுச்சு, இரு." இருப்பான். வெளியூர் வண்டிக்காகக் காத்திருக்கும் புரோக்கர், "அம்மா, இதே கலர் நம்ம கடையில ரெண்டாயிரம் கம்மி" என்று நுழைவார். பெரியம்மா அவரையும் விடமாட்டார். "அது இருக்கட்டும். உங்க கண்ணுக்கு இது வாடாமல்லியா, கத்திரிப்பூவா?"

பெரியம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு. டியூப் லைட்டில் பார்க்கும் அரக்கு வேறு, வெயிலில் பார்க்கும் அரக்கு வேறு. மயில்கழுத்து இன்னும் மோசம். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். எத்தனை வெயிலில் பார்த்தாலும் தீர்ப்பு கிடைக்காது. பெரியம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த கலர்.

கலருக்குப் பெரியம்மாவிடம் தனிச் சட்டம் உண்டு. கறுப்பு, மசக்கைக்கு மட்டும். நீலம் நம் வீட்டுக்கு ஆகிவராது. ஆனால் எம்.எஸ். புளூ நீலத்தில் சேராது. இந்த ஊர் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்தது அது. "அது கச்சேரிக் கலர்டா!" இங்கிலீஷ் கலர் அத்தனையும் சாயம் போன கலர். நாத்தனார் கட்டிய கலர் கூடவே கூடாது. அதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் எடுத்துத் தனியாக வைக்கலாம்.

இதெல்லாம் போகட்டும். போன முறை ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்து, "எவன்டா இந்த உடம்புக்கு இந்தக் கரையைப் போட்டான், கண்ணு தெரியாதா?" என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கலரை முடிவு செய்பவர் பெரும்பாலும் நெசவாளி இல்லை. சாயம் ஏற்றிய பட்டு அவர் வீட்டுக்கு வரும். பாவு தறியில் ஏறிவிட்டால் மாற்றவும் முடியாது. கோர்வைக் கரை என்றால் நாடா தள்ளக் கூட ஒரு ஆள் வேண்டும். குழிக்குள் காலை விட்டு நாள்கணக்கில் உட்கார வேண்டும். அந்தக் கூலி கட்டுப்படியாகாமல்தான் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

இதைப் பெரியம்மாவிடமே சொன்னேன். "ஐயோ, பாவம்டா" என்றார். நிஜமாகவே முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் எதையும் பிரிக்கச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, "அந்த மாம்பழக் கலரை மட்டும் ஒரு தடவை வெளிய காட்டச் சொல்லேன்."

அதையே எடுத்தார். பேரம் பேசவில்லை. கிளம்பும்போது பையனைக் கூப்பிட்டு, "வெயில்ல ரொம்ப நின்னுட்டே, ஜூஸ் குடி" என்று ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அவன் வாசலுக்குப் போய், அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தான்.