பகையாளித் தெய்வங்கள் தேவை

1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் பாணியில், மோதும் தெய்வங்களை வைத்துக் கற்பனை உலகம் கட்ட நினைக்கும் மாத்தளை இளைஞர்களுக்கு என் ஆசி. ஒரே குறை, நம் மாவட்டத்துத் தெய்வங்களுக்குத் தொழில் தெரியாது. தம்புள்ளைக் குகையில் விஷ்ணுவும் சமனும் புத்தரோடு ஒரே பாறைக்குக் கீழ் நிற்கிறார்கள். ஒரு முறைப்புக்கூட இல்லை. நாலந்தா கெடிகே இன்னும் மோசம்: பௌத்தத் தலம், பல்லவச் சாயல். பகடையை உருட்டி என்ன பயன்?

நல்லவேளை, மனிதர்கள் கைகொடுத்தார்கள். 2012இல் புனித பூமி என்று சொல்லித் தம்புள்ளைப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். 2013இல் அங்கேயே பத்திரகாளி கோயில் இடிந்தது. இடித்தவர்கள் மாயமாக மறையும் வித்தை கற்றவர்கள். ஆகவே விளையாட்டில் சின்னத் திருத்தம்: ஆட்டம் முழுவதும் பக்தர்களுக்கு. தெய்வங்களுக்கு வேடிக்கை பார்க்கும் வேடம். அதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.