விதைப்பவன் கணக்கு

கேள்வி: இயேசு சொன்ன உவமையில், விதைப்பவன் பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் விதையைச் சிந்துகிறான். அந்த ஆளுக்கு விவசாயமே தெரியாதோ? (வாசகர், சாத்தூர்)

பதில்: மழைக்கு முன்பே விதைக்கிற சாத்தூர் சம்சாரிக்குத் தெரியாதா? உழுது பொடியான கரிசலில் புரட்டாசியிலேயே பருத்தியும் சோளமும் போட்டுவிட்டு, ஐப்பசி மழைக்கு வானம் பார்த்திருப்பது இந்த வட்டாரத்துப் புழுதி விதைப்பு. மழை தவறினால் விதை போச்சு. விதைக்காவிட்டால் பருவமே போச்சு. உவமையில் நல்ல நிலத்து விதை 30, 60, 100 மடங்கு தருகிறது (மத்தேயு 13). மூன்று இடத்து இழப்பையும் அந்த ஒரு நிலமே ஈடுகட்டிவிடும்.

கேள்வி: அப்படிக் கணக்குப் பார்க்காமல் இங்கே விதைத்த ஊழியர் உண்டா?

பதில்: கணக்கில் புலியே ஒருவர் உண்டு! தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். கல்லூரிப் பதவியோடு அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். 1854 முதல், திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாக அன்று இருந்த இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூடாரம் அடித்துத் தங்கி, ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொன்னார். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் இறந்தபோது அவருக்கு வயது 43.

கேள்வி: அறுவடை பார்த்தாரா?

பதில்: உவமையில் மட்டும் விதைத்தவன் அறுத்தானா? அதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. இந்த வட்டாரத்தில் சபைகள் வளர்ந்தது ராக்லண்டுக்குப் பிறகுதான். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தில் இன்று தேவாலயமும் பள்ளிகளும் இருக்கின்றன.